கைக்குப் பழகிய இடம்: மும்பை வாசகர்களின் கணினிக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. எழுதியவர்கள் வேறு வேறு தொழில், வேறு வேறு வயது, ஆனால் கேட்டிருப்பது சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான்: பழைய கம்ப்யூட்டர் போய் விண்டோஸ் 11 வந்துவிட்டது, எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது, வேலை ஓடவில்லை, என்ன செய்ய? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 52. போன மாதம் அண்ணாச்சி புது கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டார். ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து நிற்கிறது. நாலு எக்செல் ஃபைல் திறந்தால் நாலும் ஒரே படத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன, பழையதில் பெயரோடு வரிசையாக நிற்கும். ரைட் கிளிக் செய்தால் காப்பி, பேஸ்ட் ஒருமுறை மேலே வருகிறது, ஒருமுறை கீழே வருகிறது. இருபது நிமிட பில் வேலை ஒரு மணி நேரம் இழுக்கிறது. அண்ணாச்சி மகன் “ஒரு வாரத்துல பழகிடும் மாமா” என்றான். மூன்று வாரம் ஆகிவிட்டது. வயதாகிவிட்டதா, மூளை மங்கிவிட்டதா என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. – கணக்கர், தாராவி

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள் ஐயா. உங்கள் மூளை மங்கவில்லை. அது பத்தொன்பது வருடமாக நன்றாக வேலை செய்ததால்தான் இப்போது தடுமாறுகிறது.

தாதர் ஸ்டேஷனை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 9 அன்று சென்ட்ரல் லைன் பிளாட்பார எண்களை மாற்றினார்கள். வெஸ்டர்னில் 1 முதல் 7 வரை அப்படியே இருக்க, சென்ட்ரலில் 1 என்று இருந்தது 8 ஆனது, அப்படியே 14 வரை போனது. தினமும் தாதரில் இறங்கி ஏறுகிறவர்களைக் கேட்டால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பார்கள், ஏனென்றால் அவர்கள் எண்ணைப் பார்த்து நடப்பதே கிடையாது, எந்தப் பாலத்தில் ஏறி எந்தப் படியில் இறங்க வேண்டும் என்று காலுக்குத் தெரியும், படி அங்கேயேதான் இருந்தது. குழம்பியவர்கள் எப்போதாவது வருகிறவர்கள், எண்ணைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் நடந்தது இதற்கு நேர் எதிர். பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஸ்டார்ட் ஸ்டார்ட்தான், எக்செல் எக்செல்தான், ஆனால் படிக்கட்டைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள். காலால் நடக்கிறவன்தான் இப்போது விழுவான். உங்கள் கை இடது மூலைக்குப் போகிறது, அங்கே இல்லை என்று கண் சொல்கிறது, பிறகு தேடி, திரும்பி, நடுவுக்கு வருகிறீர்கள். ஒரு வேலை மூன்று வேலையாகிறது. அண்ணாச்சி மகனுக்கு ஒரு வாரத்தில் பழகியது என்றால், அவன் கைக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

அதனால் என் யோசனை, இடம் மாறிப் போனவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கீபோர்டில் ஜன்னல் படம் போட்ட விண்டோஸ் கீயை ஒருமுறை தட்டிவிட்டு அப்படியே எக்செல் என்று ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டுங்கள், திறந்துவிடும். ஸ்டார்ட் பட்டன் இடது பக்கம் இருந்தால் என்ன, நடுவில் இருந்தால் என்ன.

அப்புறம், திரும்பக் கொண்டுவர முடிந்ததைக் கூச்சப்படாமல் கொண்டுவாருங்கள். சிலர் ‘புதுசுக்குத்தான் பழகணும், பழசாக மாற்றக் கூடாது’ என்று பிடிவாதம் பிடிப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாத முடிவில் ஜிஎஸ்டி கணக்கு காத்திருக்கும்போது யாரும் வீரத்தைக் காட்ட வேண்டியதில்லை. கீழே இருக்கும் பட்டையில், அதுதான் டாஸ்க்பார், காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்தால் ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ வரும். அதன் கடைசிப் பகுதியில் ‘டாஸ்க்பார் அலைன்மென்ட்’ என்று இருக்கும், அதை ‘லெஃப்ட்’ ஆக்குங்கள், ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்துவிடும். அங்கேயே ‘கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்’ என்பதை ‘நெவர்’ ஆக்கினால் நாலு எக்செல்லும் நாலு பெயரோடு தனித்தனியாக நிற்கும். விண்டோஸ் 11 முதலில் 2021 அக்டோபரில் வந்தபோது இந்த வசதியே கிடையாது, உங்களைப் போல கணக்கு வேலை பார்க்கிறவர்கள் ஓயாமல் கேட்டுக் கேட்டு 2023-இல்தான் திரும்பி வந்தது. விண்டோஸ் 10-இலும் அது தானாக அப்படி நிற்கவில்லை. முன்பு யாரோ உங்களுக்காக மாற்றி வைத்திருப்பார்கள், அந்தப் புண்ணியவானை இப்போது நினைத்துக்கொள்ளலாம்.

ரைட் கிளிக் மெனு பற்றி. கட், காப்பி, பேஸ்ட், ரீநேம், டெலீட் போன்றவற்றை ஒரு வரிசைப் படங்களாக, நீங்கள் கிளிக் செய்த இடத்துக்குப் பக்கத்தில் வருமாறு வைத்திருக்கிறார்கள். திரையின் மேல் பகுதியில் கிளிக் செய்தால் மெனு கீழ்நோக்கி விரியும், வரிசை மேலே இருக்கும். அடியில் கிளிக் செய்தால் மெனு மேல்நோக்கி விரியும், வரிசை கீழே போய்விடும். மௌஸ் தூரம் போகக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம், ஆனால் இடத்தை மனப்பாடம் செய்த கைக்கு இது பெரிய இடைஞ்சல். பழைய முழு மெனுதான் வேண்டும் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்யுங்கள், அப்படியே வரும். ஆனால் உங்கள் வேலைக்கு மெனுவே வேண்டாம் என்பேன். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, பெயர் மாற்ற எஃப்2. இவற்றை எந்த விண்டோஸும் இதுவரை இடம் மாற்றவில்லை.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஃபோர்ட் பக்கம் ஒரு அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு சனி ஞாயிறில் எல்லா இயந்திரத்திலும் எக்செல் 2003-ஐ எடுத்துவிட்டு 2007-ஐப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஃபைல், எடிட், வியூ என்ற மெனு வரிசையே இல்லை, மேலே அகலமாக ரிப்பன் ஒன்று பரப்பிக் கிடக்கிறது. மூன்று வாரம் கடைசி லோக்கலில்தான் வீட்டுக்குப் போனேன். அப்போது பக்கத்து மேசையில் இருந்த ஒரு மூத்த அம்மா, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஆல்ட், ஈ, எஸ், வி என்று பழைய வரிசையிலேயே தட்டி என்டர் கொடுத்தார், பேஸ்ட் ஸ்பெஷலில் மதிப்பு மட்டும் ஒட்டியது. மெனு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அதன் கீ உயிரோடு இருந்தது. இன்றைய எக்செல்லிலும் அது வேலை செய்கிறது, இப்போதே தட்டிப் பாருங்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டாலியும் அப்படித்தான். 2020-இல் டாலி பிரைம் வந்தபோது திரை முழுக்க மாறியது, ஆனால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. கணக்கு எழுதுகிறவரின் விரலுக்கு மரியாதை கொடுத்தவர்கள் என்று அவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன்.

நாளைக்கு ஒரு நாள் மட்டும் பக்கத்தில் ஒரு பேப்பரை வைத்துக்கொள்ளுங்கள். கை எங்கே போய் ஏமாந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். பத்துப் பதினைந்துக்கு மேல் வராது. கம்ப்யூட்டர் முழுக்க மாறிவிட்டது என்று தோன்றுவது உண்மையில் அந்தப் பத்துப் பதினைந்துதான். ஒரு நாளைக்கு ஒன்று என்று தீர்த்துக்கொண்டு வாருங்கள். இந்த மாத பில் வேலைக்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று அண்ணாச்சியிடம் நேரடியாகக் கேளுங்கள். புது மிஷின் தைக்க வந்தால் தையல்காரருக்கு அவர் அவகாசம் கொடுப்பார் அல்லவா, இதுவும் அதுதான்.

கேள்வி: அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், 71 வயது, டோம்பிவிலியில் எங்களோடு இருக்கிறார். பழைய லேப்டாப்பில் தினமும் பேப்பர் படிப்பார், பேங்க் கணக்கு பார்ப்பார், தஞ்சாவூரில் இருக்கும் சித்தப்பாவோடு வீடியோவில் பேசுவார். அது பழுதாகி நான் புதிது வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் தொட்டார். இப்போது மூடியே வைத்திருக்கிறார். கேட்டால் “எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்” என்கிறார். முழுக்கத் தமிழில் மாற்றிக் கொடுக்கட்டுமா? இல்லை பழைய மாதிரி காட்டும் சாஃப்ட்வேர் ஏதாவது போடட்டுமா? – மகள், டோம்பிவிலி

பதில்: அவர் ‘எதுக்கும்மா’ என்று சொன்னதைப் படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. தப்பாக எதையாவது தட்டிப் புது லேப்டாப்பைக் கெடுத்துவிடுவோமோ, மகளை ஆபீஸ் நேரத்தில் போன் போட்டுத் தொந்தரவு செய்ய வேண்டி வருமோ என்ற பயத்தைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார்.

முதல் இரண்டு நாளில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவர் கை பழக்கத்தில் இடது அடி மூலைக்குப் போயிருக்கும். விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் நடுவில் இருந்தால் அந்த மூலையில் வானிலை உட்கார்ந்திருக்கும், மௌஸ் அதன் மேல் பட்டாலே போதும், திரையின் பாதியை மறைத்துக்கொண்டு செய்திகளும் படங்களுமாக ஒரு பலகை திறக்கும். கிளிக்கே செய்யாமல் ஏதோ திறந்துவிட்டது, எப்படி மூடுவது என்றும் தெரியவில்லை. பெரியவர்கள் இந்த இடத்தில்தான் லேப்டாப்பை மூடுகிறார்கள். மேலே கணக்கருக்குச் சொன்ன அதே டாஸ்க்பார் செட்டிங்ஸில் ‘விட்ஜெட்ஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள், ஸ்டார்ட்டை இடது பக்கம் கொண்டுவாருங்கள். இந்த இரண்டை மட்டும் இன்று ராத்திரியே செய்துவிடுங்கள்.

பிறகு செட்டிங்ஸில் ‘ஆக்சசிபிலிட்டி’ என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது, எழுத்தை அவர் கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். ‘மௌஸ் பாயின்டர்’ பகுதியில் அம்புக்குறியைப் பெரிதாக்கலாம், நிறமும் மாற்றலாம். ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ பகுதியில் அனிமேஷனை அணைத்துவிடுங்கள். ஜன்னல்கள் மிதந்து வருவதும் கரைந்து போவதும் நமக்கு அழகாகத் தெரியலாம், ஆனால் எதைத் தட்டினால் எது வந்தது என்று கவனித்துக் கற்கிற ஒருவருக்கு அது குழப்பம். அணைத்தால் தட்டியதும் பட்டென்று வரும். அவர் தினமும் திறக்கும் மூன்று நான்கு விஷயங்களை மட்டும் ‘பின் டு டாஸ்க்பார்’ கொடுத்து டாஸ்க்பாரில் நிலையாக வைத்து, மற்றதை அங்கிருந்து நீக்கிவிடுங்கள். பழைய லேப்டாப்பில் எந்த வரிசையில் இருந்தது என்று அவரையே கேட்டு அதே வரிசையில் வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அவர் கை அந்த வரிசையைத்தான் தேடும்.

தமிழில் மாற்றலாமா என்றால், முடியும், விண்டோஸில் தமிழ் இடைமுகம் இருக்கிறது, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது இருப்பதில் பெருமைதான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது வேண்டாம். அவருக்கு இடம் ஏற்கெனவே மாறிவிட்டது, மிச்சம் இருப்பது ‘ஃபைல்’, ‘சேவ்’, ‘செட்டிங்ஸ்’ என்ற தெரிந்த பெயர்கள்தான், அதையும் ஒரே நாளில் மாற்றினால் பிடித்து நடக்க ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டுப் பையன் உதவிக்கு வந்தாலும், அவன் மராத்தியோ குஜராத்தியோ பேசுகிறவன் என்றால், திரையைப் படிக்கவே முடியாது. புதிதாகக் கம்ப்யூட்டர் தொடுகிற, ஆங்கிலம் வராத ஒருவருக்கு என்றால் தமிழில் தொடங்குவதைத்தான் சொல்வேன்.

பழைய ஸ்டார்ட் மெனு மாதிரி காட்டும் மென்பொருள்கள் உண்டு, ஓப்பன் ஷெல் என்பது இலவசம். நீங்கள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வதானால் போடலாம். ஆனால் விண்டோஸில் பெரிய அப்டேட் வரும்போது இந்த மாதிரி ஒட்டுகள் சில நேரம் பிசகும், அன்று நீங்கள் விடிகாலை ஃபாஸ்ட் லோக்கலைப் பிடித்துப் போயிருந்தால் அவர் தனியாக மாட்டிக்கொள்வார். அதனால் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் அரை மணி உட்காருங்கள், மௌஸை நீங்கள் தொடாதீர்கள். ‘இங்க குடுப்பா, நான் பண்றேன்’ என்று வாங்கினால் அவர் பார்ப்பார், கை கற்காது. அவர் தேடட்டும், தப்பாகத் திறக்கட்டும், மூடட்டும். எஸ்கேப் கீயைத் தட்டினால் பெரும்பாலான மெனுவும் பலகையும் மூடிவிடும் என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள். வெளியே வரும் வழி தெரிந்தால் உள்ளே போகத் தைரியம் வரும்.

இன்னொன்று. புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு ‘மைக்ரோசாஃப்டில் இருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸில் கோளாறு’ என்று சொல்லிக்கொண்டு யாராவது போன் செய்தால், திரையில் அலறுகிற மாதிரி ஒரு எச்சரிக்கையும் ஒரு போன் நம்பரும் வந்தால், இரண்டும் மோசடி. மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் அப்படிப் போன் செய்வதில்லை. திரை புதிதாக இருக்கும்போது எது அசல் எது போலி என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால்தான் இந்த நேரத்தில் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டுங்கள்.

கேள்வி: சார், ஆன்டாப் ஹில் பக்கம் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பேன். புது கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொத்திப் போட்ட மாதிரி வருகிறது. விண்டோஸில் தமிழ் கீபோர்டு சேர்த்தேன், அதில் நான் அடிக்கிற எழுத்து எதுவும் சரியாக வரவில்லை. எனக்கு டைப்ரைட்டர் முறைதான் தெரியும். – டிடிபி சகோதரி, ஆன்டாப் ஹில்

பதில்: இரண்டு பிரச்சினை ஒன்றாகச் சேர்ந்து வந்ததால் பெரிதாகத் தெரிகிறது, பிரித்துவிட்டால் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

பழைய ஃபைல்கள் யூனிகோடில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீட்டில், இல்லை. அந்தக் காலத்து டிடிபி எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள், அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகள் வெளியே வரும். உங்கள் ஃபைல் கெட்டுப் போகவில்லை, எழுத்துருதான் கூட வரவில்லை. பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குக் கொடுக்கும் முன் அதன் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரில் இருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் பழைய பத்திரிகைகள் உயிர் பெறும். அந்தப் பென் டிரைவைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் உங்கள் கடையின் முதல்.

விண்டோஸில் ‘தமிழ்’ என்று சேர்த்தால் வரும் கீபோர்டு பெரும்பாலும் இன்ஸ்கிரிப்ட் முறை, அது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைத்தது. கூடவே தமிழ் 99 முறையையும், ஒலிப்பு முறையையும் சேர்த்துக்கொள்ள முடியும், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறலாம். ஆனால் டைப்ரைட்டர் முறை அந்த வரிசையில் கிடையாது. அதற்கு என்எச்எம் ரைட்டர், அழகி பிளஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் விரல் பழகியபடியே அடித்து யூனிகோடில் எழுத்து வரும். வாட்ஸ்அப்பில் வாசகம் அனுப்பவும் அது உதவும். தமிழ் 99-க்கு மாறுங்கள் என்று உங்களை யாராவது வற்புறுத்தினால் கேட்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட நல்ல முறைதான், புதிதாகக் கற்பவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் டைப்ரைட்டர் முறையில் வேகம் ஏறிய கையை, முகூர்த்த மாதத்தில் ஆர்டர் குவிந்து கிடக்கும்போது, மாற்றச் சொல்வது நியாயமில்லை.

கேள்வி: எனக்கு விண்டோஸ் 10 போதும். மாறாமலே இருந்துவிட்டால் என்ன? – முலுண்ட் வாசகர்

பதில்: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓடும், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவித்தார்கள், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் வழி இருந்தது. அதோடு சரி. பேங்க் வேலை செய்கிற கம்ப்யூட்டரை அதற்கு மேல் விண்டோஸ் 10-இல் வைத்திருக்காதீர்கள். உங்கள் இயந்திரம் 11-ஐத் தாங்குமா என்று மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ சொல்லும், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் எல்லாம் கேட்கும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். லேமிங்டன் ரோட்டில் ‘எந்த மிஷினிலும் 11 போட்டுத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள், தகுதி இல்லாத இயந்திரத்தில் குறுக்கு வழியில் ஏற்றினால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்றுகிறார்கள்? நாம் குறை சொன்னால் யார் காதிலாவது விழுமா? – காட்கோபர் வாசகர்

பதில்: விழும், கொஞ்சம் தாமதமாக. ஸ்டார்ட் பட்டனே 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95-உடன் வந்ததுதான், அன்று அதுவே புதுசு, அதற்கு முன் விண்டோஸ் 3.1-இல் புரோகிராம் மேனேஜரில் பழகியவர்களுக்கு அதுவும் இடைஞ்சலாகத்தான் இருந்தது. பிறகு பதினேழு வருடம் அந்த மூலையில் உட்கார்ந்து உலகத்தின் கையெல்லாம் அங்கே போகப் பழகியது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8-இல் அதை எடுத்துவிட்டார்கள். தொடுதிரை டேப்லெட்டுக்கும் மேசைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே முகம் வேண்டும் என்று நினைத்தார்கள், மௌஸ் பிடித்திருக்கும் கையை மறந்துவிட்டார்கள். எழுந்த எதிர்ப்பில் மறு வருடமே, 2013 அக்டோபரில், 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. மாற்றுவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், திரைகள் அகலமாகின்றன, விரலால் தொடுகிறார்கள், கண்பார்வை குறைந்தவர்களுக்கு வசதி கூடியிருக்கிறது. ஆனால் பல வருடமாக ஒருவர் கையில் சேர்த்து வைத்த திறமை அவருடைய சொத்து, அதை ஒரு அப்டேட்டில் செல்லாக் காசாக்குகிறவர்கள் பழைய வழியையும் கொஞ்ச காலம் திறந்து வைக்க வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு முறையும் எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள். விண்டோஸ் கீயும் எஃப்-உம் தட்டினால் ‘ஃபீட்பேக் ஹப்’ திறக்கும். ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த வேலைக்கு முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை என்று எழுதுங்கள்.

கேள்வி: செம்பூரில் கல்லூரி படிக்கிறேன். பேசாமல் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போய்விடலாமா? அங்கே இந்தத் தொல்லை இருக்காதுதானே? – மாணவர், செம்பூர்

பதில்: அங்கேயும் நடந்திருக்கிறது தம்பி. லினக்ஸில் பலருக்குத் திரையின் முகமாக இருந்தது க்நோம், 2011 ஏப்ரலில் க்நோம் 3 வந்து பழைய மேசைத் தோற்றத்தை அடியோடு மாற்றியது, அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை, யூனிட்டி என்ற வேறு முகத்துக்குப் போனது, 2017-இல் அதை விட்டு மறுபடி க்நோமுக்கு வந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பிடிக்காதவர்கள் பழைய க்நோம் 2-இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தாங்களே தொடர்ந்து நடத்தினார்கள், லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையின் குழு சின்னமன் என்று ஒன்றைக் கட்டியது. இன்றும் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸில் இருந்து வருகிறவருக்கு மின்ட்டின் சின்னமன் கைக்கு நெருக்கமாக இருக்கும். பென் டிரைவில் போட்டு, நிறுவாமலேயே இரண்டு நாள் ஓட்டிப் பார். டாலி மாதிரி விண்டோஸுக்கு மட்டும் எழுதிய மென்பொருள் படிப்புக்கு வேண்டியிருந்தால் விண்டோஸையும் வைத்துக்கொள்.

கேள்வி: மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். லேபில் சிலவற்றில் விண்டோஸ் 10, சிலவற்றில் 11. ‘ஸ்டார்ட் இடது மூலையில்’ என்று போர்டில் எழுதினால் பாதிப் பிள்ளைகளுக்குத் தப்பாகிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது? – ஆசிரியை, தாராவி

பதில்: டீச்சர், நீங்கள் பிரச்சினை என்று நினைக்கும் அந்தக் கலப்பு லேபை நான் வரம் என்பேன். இடத்தை மனப்பாடம் செய்யாமல் கற்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கிடைத்திருக்கிறது. போர்டில் இடத்தை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். ‘விண்டோஸ் கீயைத் தட்டு, பெயிண்ட் என்று அடி, என்டர்.’ இரண்டு விண்டோஸிலும் வரும். ஃபோல்டர் திறக்க விண்டோஸ் கீயும் ஈ-யும், எல்லாவற்றையும் இறக்கி மேசையைப் பார்க்க விண்டோஸ் கீயும் டி-யும், செய்ததை ரத்து செய்ய கன்ட்ரோல் இசட்.

கட், காப்பி, பேஸ்ட் கதையையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஒரு எழுத்துத் தொகுப்பு மென்பொருளில் உருவாக்கியது அது. டெஸ்லர் 2020-இல் இறந்துபோனார். செய்ததை ரத்து செய்யவும், கத்திரித்து ஒட்டவும் இசட், எக்ஸ், சி, வி என்ற பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் 1983-இல் வைத்தது. அதன் பிறகு எத்தனை திரைகள் மாறிவிட்டன, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இன்று காலை கன்ட்ரோல் வி அடித்தது அதே விரலால்தான்.

வாரம் ஒருமுறை பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வையுங்கள், 10-இல் இருந்தவர் 11-க்கு, 11-இல் இருந்தவர் 10-க்கு. ஒரே படத்தை வரைந்து, ஒரே பெயரில் சேமித்து, அதைத் தேடித் திறக்கச் சொல்லுங்கள். யார் எந்த வழியில் போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுந்து நின்று சொல்லட்டும். அவர்கள் சொல்வதில் உங்களுக்கும் எனக்கும் தெரியாத வழி ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அந்த வகுப்பின் பெயரிலேயே போடுகிறேன்.